ஜிபார் டீச்சர் முத்திரையை உரித்தாள்

தெகேசாய் மலையூர்ப் பள்ளியில் ஜிபாருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் சமோவார், தேநீருக்கு வெந்நீர் கொதிக்கவைக்கிற பாத்திரம். எப்போது பார்த்தாலும் உள்ளே தணல், மேலே ஆவி. அந்தப் பெயர் தன் காதில் விழுந்தபோது அவள் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. கோபப்படுவதற்கு அவளுக்கு வேறு விஷயங்கள் நிறைய இருந்தன. குளிர்காலத்துக்கான நிலக்கரி பனி விழுந்த பிறகுதான் வரும். வகுப்புக் கூரை ஒழுகும். தலைமையாசிரியர் தோக்தோசுனிடம் எதைக் கேட்டாலும் பார்ப்போம் என்பார், பார்க்கமாட்டார். எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல், கம்ப்யூட்டரே இல்லாமல் கம்ப்யூட்டர் பாடம் நடத்துவது. அட்டையில் விசைப்பலகையை வரைந்து கொடுத்திருந்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த அட்டையைத் தட்டித் தட்டியே தட்டச்சு பழகினார்கள். தரையில் படுத்துக்கொண்டு நீச்சல் பழகுகிற மாதிரி இருக்கிறது என்று அவளே ஆசிரியர் அறையில் கத்துவாள். மற்றவர்கள் தேநீரை உறிஞ்சியபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவள் அந்த ஊர்க்காரி அல்ல. தலைநகர் பிஷ்கெக்கில் படித்து, அங்கேயே எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ஒரு பெரிய கட்டடத்தின் மேல்மாடியில் மடிக்கணினி பழுதுபார்த்தவள். வரிசையாகப் போட்டிருந்த மேசைகளில் அவள் ஒருத்திதான் பெண். கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அவள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, மாஸ்டர் எப்போது வருவார் என்று கேட்பார்கள். உங்கள் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே அவளுடைய குரல் தடித்துப்போனது. அங்கே பழுதுபார்க்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் மூடுவதற்கு முன்பு, உள்ளே இருக்கிற உலோகத் தகட்டில் ஊசியால் தன் அடையாளத்தைக் கீறி வைப்பார்கள். திரும்பவும் அதே கணினி வந்தால் யார் கைவேலை என்று சண்டையில்லாமல் தெரிந்துவிடும். ஒருவர் வெறும் கோடு போடுவார், இன்னொருவர் பெயரின் முதல் எழுத்து. ஜிபார் ஆட்டுக்கடாவின் கொம்பைக் கீறுவாள். கம்பளத்தின் மூலையில் தைக்கிற அதே இரண்டு சுருள், பக்கத்தில் வருஷம்.

பிறகு தாலாயைக் கட்டிக்கொண்டாள். அவன் சுரங்கத்திலிருந்து நிலக்கரி ஏற்றிவரும் லாரி டிரைவர். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அவனுடைய அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். ஒரு வருஷம் ஊரில் இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. மாமனார் இறந்து வெகுநாள் ஆன பிறகும் அவள் அங்கேயேதான் இருந்தாள். அதிலும் அவளுக்குக் கோபம்தான், ஆனால் அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அந்த வருஷம் இலையுதிர்காலத்தில் பள்ளிக்கு மடிக்கணினிகள் வந்தன. ஒரு வகுப்புக்கே போதுமான அளவு, அட்டைப்பெட்டிகளில், புத்தம் புதிதாக. மாவட்டத்திலிருந்து ஒமுர்பெக் என்ற அதிகாரி வந்திருந்தார். பிள்ளைகள் கோமுஸ் என்ற தந்தி வாத்தியத்தை மீட்டினார்கள். தட்டு நிறைய எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டுகளை, போர்சோக்கை, குவித்து வைத்திருந்தார்கள். தோக்தோசுன் நாடாவை வெட்டினார். நாட்டின் எதிர்காலம் இனி இந்த மலையிலிருந்துதான் புறப்படும் என்று ஒமுர்பெக் பேசினார். மூடிகள் பளபளவென்று மின்னின. அடிப்பக்கத்தில் ஒரு திருகாணியை மறைத்துச் சின்ன வெள்ளி முத்திரை ஒட்டியிருந்தது. அதைக் கிழித்தால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதியிருந்தது. ஜிபார் ஒரு கணினியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்று ஒரு நாள் முழுக்க அவள் யாரிடமும் கோபப்படவில்லை. பிள்ளைகளுக்கே அது பயமாக இருந்தது.

முதல் பனி விழுவதற்குள் தொல்லை தொடங்கிவிட்டது. திறந்து கொஞ்ச நேரத்திலேயே கணினிகள் அடுப்புக்கல்லாகச் சுட்டன. சில பாதிப் பாடத்தில் அணைந்துபோயின. சிலவற்றில் ஒரு படம் திறப்பதற்குள் பாடவேளையே முடிந்துவிடும். புதுப் பொருள் இப்படி நடந்துகொள்ளாது என்று ஜிபார் தோக்தோசுனிடம் போய் நின்றாள். பார்ப்போம் என்றார். அவள் அவருடைய மேசையிலிருந்த தொலைபேசியை எடுத்து அவரிடமே நீட்டினாள். வேறு வழியில்லாமல் அவர் ஒமுர்பெக்கைக் கூப்பிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் அறை முழுக்கக் கேட்டது. கணினிகளில் குறை இல்லை, கையாளுகிறவர்களிடம்தான் குறை, ஆடு மேய்க்கிற கைக்குக் கம்ப்யூட்டர் பிடிபட நாளாகும் என்றார்.

ஜிபார் தொலைபேசியைப் பிடுங்கினாள்.

"அந்த ஆடு மேய்க்கிற கைதான் உங்க வீட்டுத் தட்டுல கறி வைக்குது. நீங்க வந்து ஒரு மணி நேரம் இதுல வேலை செஞ்சு காட்டுங்க. அப்புறம் கையப் பத்திப் பேசலாம்."

ஒமுர்பெக் இணைப்பைத் துண்டித்துவிட்டார். தோக்தோசுன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓய்வு பெற அவருக்குச் சொற்ப காலமே இருந்தது. அதுவரை வம்பு எதுவும் இல்லாமல் ஓட்டிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கவலை.

அடுத்த வாரம் பெர்மெத் என்ற மாணவியின் கையில் ஒரு கணினி கருகியது. அவள் ஒன்றும் செய்யவில்லை, எழுதிக்கொண்டுதான் இருந்தாள். விசைகளுக்கு இடையிலிருந்து நூல் மாதிரிப் புகை கிளம்பி, ஒரு நாற்றம் வந்து, திரை இருண்டுபோனது. ஜிபார் ஓடிவந்து மின்கம்பியைப் பிடுங்கினாள். பெர்மெத் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு, நான் தொடவில்லை, நான் தொடவில்லை என்று அழுதாள்.

மாவட்டத்துக்குச் செய்தி போனது. அங்கிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை, முடிவு மட்டும் வந்தது. மாணவி கணினியின் மேல் தேநீரைக் கொட்டியிருக்கிறாள், விசாரணை முடியும்வரை அவளைக் கணினி அறைக்குள் விடக்கூடாது, தகப்பனை அழைத்துக் கண்டிக்க வேண்டும் என்று.

பெர்மெத்தின் அப்பா கெங்கெஷ் குளிர்கால மேய்ச்சல் பக்கத்திலிருந்து குதிரையில் வந்தார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. தோக்தோசுன் சுற்றி வளைத்துச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டு, கொட்டினாயா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். இல்லை என்றாள். அப்படியானால் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் குதிரையின் சேணத்தை இறுக்கிக் கட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஜிபாருக்கு அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று தோன்றியது.

கணினியைத் திறந்து பார்த்தால் தேநீர் விழுந்ததா இல்லையா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும் என்று தோக்தோசுனிடம் சொன்னாள். அவர் கிட்டத்தட்டக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எஜெய், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்த முத்திரைய மட்டும் தொட்டுடாதீங்க."

மாணவர்கள் அவளைக் கூப்பிடுவது போலவே அவரும் அவளை எஜெய், அக்கா, என்றுதான் கூப்பிடுவார், மரியாதைக்கு. அவளும் அவரை அகாய், அண்ணா, என்பாள். அன்று அவள் அகாய் என்றுகூடச் சொல்லாமல் கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் எட்டாம் வகுப்புக்கு முதல் பாடவேளை. பாடப்புத்தகத்தில் கணினியின் உட்பாகங்கள் என்று ஓர் அத்தியாயம் உண்டு. வருஷா வருஷம் அவள் மங்கலான படத்தைக் காட்டி ஒப்பேற்றிய அத்தியாயம். அன்று அவள் கருகிப்போன கணினியைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். பக்கத்தில் கம்பளித்துணிப் பையிலிருந்து தன் பழைய திருப்புளிகளை எடுத்துப் பரப்பினாள். வராந்தாவில் நின்றிருந்த பெர்மெத்தை உள்ளே வரச் சொன்னாள். அவள் வாசலிலேயே தயங்கினாள்.

"கம்ப்யூட்டர் அறைக்குத்தான் உன்ன விடக்கூடாதுன்னாங்க. இது வகுப்பறை. வந்து முதல் பெஞ்சுல உக்காரு."

பிறகு நகத்தை நுழைத்து முத்திரையை உரித்தாள். வகுப்பில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

திருகாணிகள் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு திருகாணிகள் ரப்பர்க் கால்களுக்கு அடியில் ஒளிந்திருந்தன, அவற்றையும் கிளப்பி எடுத்தாள். காலாவதியான வங்கி அட்டை ஒன்றை விளிம்பில் செருகிச் சுற்றிலும் ஓட்டினாள். பிளாஸ்டிக் கொக்கிகள் பட் பட்டென்று விடுபட்டன. மூடியைத் தூக்கியதும் அவளுக்கு முதலில் தெரிந்தது, எங்கும் ஈரக்கறை இல்லை. பேட்டரி தலையணை மாதிரி உப்பிப் போயிருந்தது. மிக மெதுவாக அதன் இணைப்பைக் கழற்றித் தள்ளி வைத்தாள். விசிறி வேறு எதற்கோ செய்தது. பொருந்தாத ஓரத்தைச் சூடான கத்தியால் வெட்டிப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். நினைவகச் சில்லு ஆடாமல் இருக்க மடித்த காகிதத்தைச் சொருகியிருந்தார்கள். அந்தக் காகிதத்தின் ஓரம் கருகியிருந்தது. சில்லின் மேலிருந்த காகிதப்பட்டையைச் சுரண்டினால் அடியில் இன்னொரு பட்டை, அதில் போட்டிருந்த நினைவக அளவு மேலே எழுதியிருந்ததில் பாதிகூட இல்லை. வெளிக்கூடு மட்டும்தான் புதிது. உள்ளே இருந்ததெல்லாம் எங்கேயோ உழைத்து ஓய்ந்து குப்பைக்குப் போயிருக்க வேண்டியது.

ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்து, இது இன்னது, இது எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியாகச் செயலியின் மேலிருந்த செப்புத் தகட்டைக் கழற்றினாள். அதிலிருந்த பசை சுண்ணாம்பாகக் காய்ந்து உதிர்ந்தது. தகட்டைத் திருப்பினாள். மூலையில் ஊசியால் கீறிய இரண்டு சுருள்கள். ஆட்டுக்கடாவின் கொம்பு. பக்கத்தில் வருஷம், அவள் பிஷ்கெக்கை விட்டுப் புறப்படுவதற்கு முந்தைய வருஷம்.

ஜிபார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கட்டடத்தின் எதிர்ச்சாரியில் ஒரு நிறுவனம் இருந்ததும், அதன் கணினிகளைப் பழுதுபார்க்கக் கூடை கூடையாகத் தங்கள் மேசைகளுக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள் என்பதும் அவளுக்கு நினைவு வந்தது. தான் அன்று துடைத்துப் பசை போட்டு மூடிய அதே பழைய கணினி, இத்தனை வருஷம் கழித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தன் பிள்ளைகளை ஏமாற்ற மலையேறி வந்திருக்கிறது. என்ன ஆயிற்று என்று பெர்மெத் கேட்டாள். ஜிபார் தகட்டை அவளிடம் கொடுத்து, இது நான் கீறியது என்றாள்.

விஷயம் தெரிந்ததும் தோக்தோசுன் வெளிறிப்போனார். வீட்டில் தாலாய் சாப்பாட்டைத் தள்ளி வைத்தான். அவன் கோழை அல்ல, ஆனால் வழியெங்கும் அதிகாரிகளுக்குத் தலையாட்டிப் பிழைக்கிறவன்.

"ஜிபார், நீ ரிப்பேர்க்காரியா இருந்தது எல்லாருக்கும் தெரியும். முத்திரையக் கிழிச்சதும் நீதான். உள்ள உன் அடையாளமும் இருக்கு. நீயே மாத்தி வெச்சுட்டேன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. அந்தக் கீறல மட்டும் தேச்சு அழிச்சுடு. மத்ததெல்லாம் சொல்லு, யார் வேண்டாங்கறது."

"என் கையால போட்டத என் கையாலயே அழிக்கணுமா? திருட்டுத்தனம் பண்ணவன் தூங்குறான், நான் எதுக்குத் தேய்க்கணும்?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. மறுநாள் மாவு வாங்கக் கடைக்குப் போனவள், அங்கே நின்ற எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னாள், கொம்புக் கீறலையும் சேர்த்து. பொழுது சாய்வதற்குள் தெகேசாய் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஒமுர்பெக் அந்த வாரமே வந்தார். இந்தத் தடவை கோமுஸ் இல்லை. தோக்தோசுனின் அறையில் பேசி முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. ஆனால் கூடத்தில் பெற்றோர்கள் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள், கெங்கெஷ் முன்வரிசையில். ஒமுர்பெக் சிரித்த முகத்தோடுதான் ஆரம்பித்தார். அரசுச் சொத்தின் முத்திரையை அனுமதியில்லாமல் உடைத்தது குற்றம் என்றார். அதை உடைத்தவர் தலைநகரில் உதிரிபாகங்களை வைத்துத் தொழில் நடத்தியவர் என்பதை ஊர்க்காரர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும் என்றார். நல்ல பாகங்கள் எங்கே போயின என்று தான் கேட்கவில்லை, ஆனால் கேட்கிறவர்கள் கேட்பார்கள் என்றார்.

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சில தலைகள் ஜிபார் பக்கம் திரும்பின. அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானதுதான், மாஸ்டர் எங்கே என்று கேட்டவர்களின் பார்வை. அவள் எழுந்து முன்னால் போய்ச் செப்புத் தகட்டை மேசைமேல் வைத்தாள்.

"இதுல இருக்கற கொம்பு நான் கீறினதுதான். பிஷ்கெக்ல வேலை பாத்தப்ப கீறினது. மறைக்க நெனச்சிருந்தா எப்பவோ தேச்சிருப்பேன்."

"கேட்டீங்களா," என்றார் ஒமுர்பெக். "எஜெய்யே ஒத்துக்கறாங்க."

"இன்னும் முடிக்கல. நான் திறந்தது இது ஒண்ணத்தான். மிச்சமெல்லாம் அலமாரியில முத்திரையோட இருக்கு. சாவி என்கிட்ட இல்ல, தலைமையாசிரியர்கிட்ட இருக்கு. இங்கேயே, எல்லார் முன்னாடியும் திறங்க. நான் கிட்டகூட வரமாட்டேன். உள்ள புதுசா இருந்தா நான் திருடி. நீங்க கூப்பிடுற எடத்துக்கு வரேன்."

அதற்குத் தனக்கு அதிகாரமில்லை என்றார் ஒமுர்பெக். நிபுணர் குழு வரவேண்டும், எழுத்து மூலம் கேட்க வேண்டும் என்றார். அப்போது கெங்கெஷ் எழுந்தார்.

"நிபுணர் யாரும் வராமத்தான் என் பொண்ணு தேத்தண்ணி ஊத்துனான்னு முடிவு பண்ணீங்க. அப்ப இருந்த அதிகாரம் இப்ப எங்க போச்சு?"

ஒமுர்பெக் தன் ஃபைலை மூடினார். அந்த நேரத்தில்தான் யாரும் எதிர்பாராதது நடந்தது. தோக்தோசுன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, ஒரு கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அன்னிக்கு நாடாவ வெட்டினது நான். இதையும் நானே திறக்கறேன். எஜெய், அந்தத் திருப்புளியக் கொஞ்சம் குடுங்க."

ஜிபார் திருப்புளியை மேசை விளிம்பில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். கிழவருக்கு அந்த வேலை தெரியாது. ஒரு திருகாணியின் தலையை மழுங்கடித்தார், மூடியை நெம்பும்போது இரண்டு கொக்கிகளை உடைத்தார். வேறு நாளாக இருந்தால் அவள் கத்தியிருப்பாள். அன்று பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூடி வந்தது. உள்ளே அதே வெட்டி ஒட்டிய விசிறி, அதே மடித்த காகிதம். முன்வரிசைக்காரர்கள் எழுந்து சூழ்ந்துகொண்டார்கள். தகட்டில் வெறும் ஒரு கோடுதான் இருந்தது. கொம்பைக் காணோமே என்றார் ஒமுர்பெக். தோக்தோசுன் அடுத்ததைக் கொண்டுவந்தார். முத்திரையைக் கெங்கெஷிடம் காட்டி, முழுதாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உரித்தார். தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார்.

"கொம்பு," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு கூடம் அடங்கவில்லை. ஒரு பெண் ஒமுர்பெக்கின் கையைப் பிடித்து இழுத்து, வந்து பாருங்கள் என்றாள். இன்னொருவர் அவர் அன்று பேசிய எதிர்காலத்தை அவருக்கே திருப்பிச் சொன்னார். மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே அவர் காருக்குப் போனார். ஜிபார் பின்னாலேயே போய்க் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். பெர்மெத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்றாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அதனால் அந்த வார்த்தையை அவள் தோக்தோசுனிடமிருந்து வாங்கினாள். மறுநாள் காலை அணிவகுப்பில், எல்லாப் பிள்ளைகளும் பனியில் வரிசையாக நிற்கும்போது, பெர்மெத் தேநீர் கொட்டவில்லை, பள்ளி அவள்மேல் தவறாகப் பழி போட்டது, அதற்காக நான் வருந்துகிறேன் என்று அவர் உரக்கச் சொன்னார். பெர்மெத் தலையைக் குனிந்துகொண்டு காலணியால் பனியைக் கிளறினாள். ஜிபார் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததாகச் சில பிள்ளைகள் சத்தியம் செய்தார்கள்.

கதை அதோடு நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. கணினிகளை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. விற்றவர்களின் நிறுவனம் ஒரே நாளில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு மறைந்ததாகச் சொன்னார்கள். ஒமுர்பெக்குக்கு வேறு மாவட்டத்தில் இன்னும் பெரிய நாற்காலி கிடைத்தது. முத்திரையை உடைத்ததற்காக ஜிபாருக்குக் கண்டனக் கடிதம் வந்தது. தோக்தோசுனுக்கும் ஒன்று வந்தது. இத்தனை வருஷ வேலையில் அவர் வாங்கிய முதல் கண்டனம். அவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். வசந்தம் வரைக்கும் கணினி அறை வெறுமையாகக் கிடந்தது. கடையில் ஒருநாள் ஒரு தாய், சூடானாலும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, உன் ரோஷத்தால் என் மகனுக்கு அதுவும் இல்லாமல் போயிற்று என்று ஜிபாரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னாள். ஜிபார் வாயைத் திறந்தாள். சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் மகன் கெட்டிக்காரன், அட்டையில் தட்டியே மற்றவர்களைவிட வேகமாகப் பழகியவன். மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து தாலாயிடம்தான் கத்தினாள். அவன் மூட்டையை வாங்கி இறக்கி வைத்துவிட்டு, இரு, டீ வைக்கிறேன் என்றான்.

அடுத்த இலையுதிர்காலத்தில் வேறு கணினிகள் வந்தன. முன்பைவிடக் குறைவு, ஒன்றை மூன்று பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஆனால் உள்ளும் புறமும் நல்லவை. அதை ஜிபார் எப்படி உறுதி செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை. தோக்தோசுன் ஓய்வு பெற்றபின் புதிதாக வந்த தலைமையாசிரியர், ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று அவற்றை அலமாரியில் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். ஜிபார் அன்று மாலையே அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே விருந்தினர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை, சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.